மூன்று நாள் கட்டாயம்

"இந்த ஒரு வாரம் மட்டும் வீட்டுல இருந்தே வேலை பார்க்கட்டுமா அண்ணா?"

சேஷாத்ரி அறை வாசலிலேயே நின்று கேட்டான். அவன் முகத்தில் மாஸ்க். உள்ளே மேசைக்குப் பின்னால் இருந்த பிரிவு மேலாளர் நித்தியானந்தன் முகத்திலும் மாஸ்க்.

"ஏன், உமக்குக் காய்ச்சலோ?" என்றபடி நித்தியானந்தன் நாற்காலியோடு ஓரடி பின்னுக்குப் போனார்.

"இல்லண்ணா, நல்லாத்தான் இருக்கேன். வந்துடக் கூடாதேன்னுதான் கேக்கறேன். பக்கத்துல சேகர் விடாம இருமிக்கிட்டிருக்கார்."

அது பொய்யில்லை. பரமட்டா நகரில் இருந்த அந்தக் காப்புறுதி அலுவலகத்தில் பாதிப் பேர் இருமிக்கொண்டுதான் இருந்தார்கள். வாரத்தில் மூன்று நாள் கட்டாயம் வரவேண்டும் என்று தலைமையகம் உத்தரவு போட்டதிலிருந்து, நோய் லீவு தீர்ந்தவர்கள் மாத்திரையை விழுங்கிவிட்டு ரயிலேறினார்கள். சொந்த மேசை எவருக்கும் கிடையாது. முந்தி வந்தவருக்கு ஜன்னலோரம். மகனைப் பள்ளியில் விட்டுவிட்டு, தள்ளியிருக்கும் பிளாக்டவுனில் இருந்து ஓடி வரும் சேஷாத்ரிக்கு மிஞ்சுவது சேகரின் பக்கத்து மேசைதான்.

யார் வந்தார், யார் வரவில்லை என்ற பட்டியல் வெள்ளிக்கிழமைதோறும் மேலிடத்துக்குப் போய்விடும். அதில் தன் பிரிவின்மேல் ஒரு சிவப்புக் கோடுகூட விழுந்ததில்லை என்று நித்தியானந்தனுக்குத் தலைகால் தெரியாத பெருமை.

காரணம் என்ன என்று கேட்டார். சேஷாத்ரி தரையைப் பார்த்தான்.

"வீட்டு விஷயம்ணா. இப்போ சொல்ல முடியாத நிலைமை. என்னை நம்புங்க."

நித்தியானந்தனுக்கு மாஸ்குக்குள் சிரிப்பு வந்தது. வரும் திங்கள் முதல் ஆறு வாரம் லீவு வாங்கியிருந்தவன் இவன். இந்தியாக்காரன் ஆறு வாரம் லீவு எடுத்தால் வேறெங்கே போவான்? சென்னைக்கு டிக்கெட் போட்டிருக்கிறான், புறப்படும் நேரத்தில் படுத்துவிடுவோமோ என்று பயப்படுகிறான், அதற்குத்தான் இந்த நாடகம் என்று அவரே முடிவு கட்டிவிட்டார்.

"உமக்கு விட்டால் நாளைக்குப் பத்துப் பேர் வந்து நிப்பினம். மாஸ்க் போட்டிருக்கிறீர்தானே, அது காணும். ரூல் எல்லாருக்கும் ஒண்டுதான்."

சேஷாத்ரி ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு "சரிண்ணா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

எல்லாருக்கும் ஒன்றான அந்த ரூலின் கடைசி வரியில், மேலாளர் விரும்பியவருக்கு விலக்கு அளிக்கலாம் என்று இருந்தது. அன்று காலைதான் நித்தியானந்தன் அதைத் தனக்குத் தானே அளித்திருந்தார். நாளையிலிருந்து அவருக்கு வீட்டில்தான் வேலை.

அவரைக் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. அவருடைய மனைவி யோகாவுக்கும் நான்கு வருடமாக வாரத்தில் மூன்று நாள் கட்டாயம்தான், ஆஸ்பத்திரியில், டயாலிசிஸ். அவர் தன் சிறுநீரகத்தைக் கொடுக்கத் தயாராக இருந்தும் அது அவளுக்குப் பொருந்தவில்லை. கடைசியில் ஆஸ்பத்திரியே ஒரு வழி செய்தது. இவர்களைப் போலவே பொருந்தாமல் தவித்த இன்னொரு குடும்பத்தைக் கண்டுபிடித்தார்கள். இவருடைய சிறுநீரகம் அந்த வீட்டு நோயாளிக்கு, அந்த வீட்டுக்காரருடையது யோகாவுக்கு. இரண்டும் ஒரே நாளில், அடுத்த புதன்கிழமை. கொடுப்பவர் இருவரில் ஒருவருக்குத் தொற்று வந்தாலும் எல்லாம் நின்றுவிடும். அந்தக் குடும்பம் யார் என்று இவர்களுக்கும் தெரியாது, இவர்கள் யார் என்று அவர்களுக்கும் தெரியாது. அடையாளம் தெரிந்துவிடாமல் இருக்க, ஆபரேஷன் முடியும்வரை வெளியே யாரிடமும் சொல்லக் கூடாது என்று ஆஸ்பத்திரி இரு பக்கமும் சொல்லியிருந்தது.

அந்த வாரம் முழுக்க நித்தியானந்தன் ஹோம்புஷில் இருந்த தன் வீட்டை விட்டு அசையவில்லை. கடையில் இருந்து வந்த சாமான்களைக்கூடத் துடைத்துத்தான் உள்ளே எடுத்தார். ஒரு தும்மல் வந்தால்கூட வெப்பமானியைத் தேடி ஓடினார்.

"நாலு வருஷம் எப்பிடியோ போயிட்டுது. இந்த ஒன்பது நாள்தான் போகுதில்லை" என்றாள் யோகா. ஆஸ்பத்திரிக்கான பை ஞாயிற்றுக்கிழமையே தயாராகிவிட்டது.

திங்கள் பின்னேரம் ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது. பேசிய பெண்ணின் குரல் இறங்கியிருந்தது. அந்தப் பக்கம் கொடுக்க இருந்தவருக்கு இன்று காலைப் பரிசோதனையில் கொரோனா. இரண்டு ஆபரேஷனும் நிறுத்தப்படுகின்றன. புதுத் தேதியை இப்போது சொல்ல முடியாது.

யோகா பையைத் திறந்து உடுப்புகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தாள். போன மாதம் எடுத்த ரத்தப் பரிசோதனையைப் பார்த்து, இனித் தாமதிக்கக் கூடாது என்று டாக்டர் முகம் சுளித்தது இருவருக்கும் நினைவிருந்தது.

நித்தியானந்தனுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "ஆரோ ஒரு பொறுப்பில்லாதவன். ஒரு கிழமை வீட்டுக்குள்ள அடங்கி இருக்க ஏலாமல் போச்சே அவனுக்கு."

"அப்பிடிச் சொல்லாதேங்கோ" என்றாள் யோகா. "அந்த மனுசனுக்கு என்ன கஷ்டமோ."

அப்போது அவருடைய கைப்பேசி சிணுங்கியது. சேஷாத்ரி. சென்னையில் போய் இறங்கிவிட்டேன் என்று எழுதியிருப்பான் என்ற எரிச்சலோடு திறந்தார்.

"அண்ணா, எனக்கு கொரோனா வந்துடுச்சு. அந்த ஆறு வார லீவை ரத்து பண்ணிடுங்க. புதன்கிழமை நான் கிட்னி கொடுக்கிறதா இருந்துச்சு, நின்னுபோச்சு. என் மனைவிகிட்ட எப்படியோ சொல்லிட்டேன். ஆனா என்னை நம்பி இன்னொரு குடும்பமும் காத்திருந்துச்சு. அவங்க யாருன்னு மட்டும் தெரிஞ்சா, நேர்ல போய் மன்னிப்புக் கேட்டுடுவேன்."