சிட்னிக்கு ஒன்றரை மணித்தியாலம்

“பிளேன் ஒண்டும் ஓடேல்லை அக்கா. வானம் முழுக்கச் சாம்பலாம். சிலியில எரிமலை வெடிச்சதை நியூசில பாக்கேல்லையே?”

மெல்போர்ன் கிரான்பர்னில், தன் வீட்டுக் குசினிக்குள் நின்றுகொண்டு, விஜிதரன் வாய் கூசாமல் போனில் புளுகினான். நிறுத்தி வைத்திருந்த விமானங்கள் அன்று காலையே பறக்கத் தொடங்கிவிட்டன. அது அவனுக்கும் தெரியும், பக்கத்தில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த மனைவி தர்சினிக்கும் தெரியும்.

“ஒண்டுமே ஓடேல்லையோ தம்பி?” என்று கேட்டாள் அக்கா கமலேஸ்வரி. சிட்னியில், குவேக்கர்ஸ் ஹில்லில் குடியிருப்பவள்.

“ஒண்டுமே இல்லை.”

“என்ர மகள் பெரியபிள்ளையானதுக்கு நாளையிண்டைக்குச் சாமத்தியவீடு. காரில எண்டாலும் வாவன்.”

“எண்ணூற்றி எண்பது கிலோமீற்றர் அக்கா! பத்து மணித்தியாலம் ஓடினால் என்ர இடுப்பு என்னத்துக்கு ஆகும்?”

“தாய்மாமன் எண்டு அவளுக்கு நீ ஒருத்தன்தானேடா. தேங்காய் ஆர் உடைக்கிறது?”

“ஆரையாவது விட்டு உடையுங்கோவன்.”

சொன்ன பிறகுதான் அவனுக்கே சுருக்கென்றது. அவன் போனைக் கையால் பொத்தினான்.

“உங்களுக்கு வெக்கமா இல்லையே?” தர்சினி பல்லைக் கடித்தாள். “நீங்கள் படகில வந்து முகாமில கிடக்கேக்க, ஒரு நாள் விடாமல் போன் எடுத்து அழுத மனுசியல்லோ! அவவுக்கு இப்பிடியும் ஒரு புளுகோ?”

“சிட்னியில செவன் ஹில்ஸ் சனத்துக்கெல்லாம் வீடு வீடாப் போய் அழைப்புக் கார்ட் குடுத்தவ. கூடப்பிறந்தவனுக்கு மட்டும் போனில சொல்லுறதோ?”

“அது பத்து நிமிசத் தூரம். இது அப்பிடியே?”

“இது மட்டும் என்ன, பிளேனில ஒன்றரை மணித்தியாலம். ஏறி இருந்தால் இறங்க வேண்டியதுதான். மனம் இருந்தால் வந்திருப்பா.”

பெரிய நியாயம்போலச் சொன்னானே தவிர, தர்சினியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சீ, என்ன பிறவி நான் என்று உள்ளுக்குள் கூனிக் குறுகிப்போனான். போனை மறுபடியும் காதில் வைத்தான்.

“தம்பி, இருக்கிறியோ?”

“ஓம் அக்கா.”

“உண்மையா இண்டைக்கு ஒரு பிளேனும் ஓடேல்லையோ?”

உண்மை நாக்கு நுனிவரை வந்தது. பாழாய்ப்போன ரோசம் அதை வெளியே விடவில்லை.

“சத்தியமா இல்லை அக்கா.”

“அப்ப சரி.” அக்காவின் குரலில் துளிகூடக் கோபம் இல்லை. “காரை எடுத்துக்கொண்டு ஒருக்கா எயார்போர்ட்டுக்கு வாடா. உனக்கு நேரில கார்ட் தாறதுக்கெண்டு வந்து, மெல்போர்னில இறங்கி அரை மணித்தியாலமா நிக்கிறன்.”