குமாரவேல் மூளைக்கு ரெண்டு ஸ்பூன் ஆலிவ்

"டேய் தர்மா, வாய மூடுடா! தறியில உக்காந்துக்கினு என்னாடா ஒண்ணு ரெண்டு படிக்கிறே? இது என்ன எல்.கே.ஜி.யா?"

குமாரவேல் சீறினான்.

பக்கத்துல உக்காந்து புடவை பார்டருக்கு நூல் நாடா ஓட்டுறவன் தர்மன். பொண்டாட்டி அம்சவேணியோட தம்பி. பத்து நாள் முன்னாடிதான் ஐயம்பேட்டையிலேருந்து ஒத்தாசைக்கு வந்தான். சிரிச்சான். நிறுத்தல.

"பதினெட்டு... பத்தொம்போது..."

குறுக்கால நாப்பது ஊடை நூல் ஓடினா ஒரு புட்டா, அதான் ஜரிகைப் பூ, விழணும். போன ரெண்டு புடவையில குமாரவேலுக்கு எண்ணிக்கை நழுவிப்போச்சு. புட்டாங்க ரேஷன் கடை க்யூ மாதிரி கோணலா நின்னுச்சு. முதலாளி கறாரா சொல்லிட்டாரு.

"இன்னொரு தப்பு வந்துச்சு, உனக்கு நெய்யப் பாவு நூல் கிடையாது. வேற ஆள் பாத்துக்கறேன்."

அன்னிக்குத்தான் வாரப் பத்திரிகையில படிச்சான். ஆலிவ் எண்ணெயில பாலிபீனால்னு ஒரு சத்து இருக்குதாம். மூளையில துரு ஏறாம பாத்துக்குமாம். நேரா மெடிக்கல் ஷாப்புக்கு ஓடினான். குட்டி பாட்டில். தினம் இட்லிப் பொடியில ரெண்டு ஸ்பூன்.

பத்து நாளா ஒரு புட்டா தப்பல!

இன்னிக்குச் சாயங்காலம் முதலாளி வந்து, நெஞ்சு முடிச்ச புடவைய விரிச்சுப் பாத்தாரு. "அடுத்த பாவு நாளைக்கு வந்துடும்பா"ன்னுட்டுப் போனாரு.

"பாத்தியா அம்சா? மூளை பட்டு மாதிரி ஓடுது! உன் தம்பிக்கு வாய்விட்டு எண்ணலன்னா கை ஓடாது. இந்தா மச்சான், நீயும் ரெண்டு ஸ்பூன் குடி. உள்ள எதுனா மொளைக்குதா பாப்போம்."

தர்மன் பாட்டிலத் திருப்பிப் பாத்தான்.

"மாமா... மேலுக்குத் தடவ மட்டும்னு போட்டிருக்குதே?"

குமாரவேல் வயித்தப் புடிச்சுக்கினான்.

"பயப்படாதய்யா," அம்சவேணி சிரிச்சா. "வாங்கியாந்த அன்னிக்கே படிச்சுட்டேன். அது பூரா நம்ம பாப்பா உடம்புல தடவியாச்சு. நீ துன்னதெல்லாம் அந்த பாட்டில்ல நான் ஊத்தி வெச்ச நம்ம செக்கு நல்லெண்ணெய்."

"அப்போ எண்ணிக்கை எப்பிடி தப்பல? என் மூளை?"

அம்சவேணி தம்பியக் கை காட்டினா.

"அதோ உக்காந்துக்கினு இருக்குது பாரு. ஐயம்பேட்டையில பத்து வருசமா மனசுக்குள்ளயே எண்ணி நெய்யுறவன்யா. உன் காதுல விழணும்னுதான், இங்க வந்து தொண்டை கட்டக் கத்திக்கினு கெடந்தான்."