கட்டிப்போட்ட வீடு

வடக்கே, பனிக்கடல் நடுவில் ஒரு சின்னத் தீவு. மீன்பிடிக்க வந்த முதல் படகு அங்கேதான் உடைந்தது. அதன் பலகைகளில் ஒரு வீடு எழும்பியது. நங்கூரச் சங்கிலியைக் கூரைமேல் போட்டு, இரண்டு முனையையும் பாறையில் மாட்டினார்கள். மற்ற வீடுகள், ஊர் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஒருநாள் கடற்காகம் ஒன்று கூரையில் வந்து உட்கார்ந்தது.

"என்னப்பா, உன்னை நாய் மாதிரி கட்டிப்போட்டிருக்கிறார்கள்?"

வீட்டுக்கு ரோஷம் வந்துவிட்டது. கூரைமேல் கிடந்த சங்கிலியிடம் கத்தியது: "யோவ் பெருசு, இறங்கு கீழே! இந்த ஊருக்கே மூத்த வீடு நான். எனக்கு எதற்குக் கட்டு?"

சங்கிலிக்கு வாதாடப் பொறுமை கிடையாது. "சரி" என்று ஒரு பக்கத்துக் கொக்கியைக் கொஞ்சம் தளர்த்திவிட்டது.

மதியம் காற்று வந்தது. அந்தத் தீவுக் காற்று லேசுப்பட்டதல்ல. காயப்போட்ட மீனெல்லாம் திரும்பக் கடலுக்கே போனது. வீடு ஒரு சாண் எழும்பியது. அடுப்பில் இருந்த மீன்குழம்பு தரையில் கொட்டியது.

"அண்ணே! பிடி அண்ணே! போகிறேன் அண்ணே!"

சங்கிலி இழுத்துப் பிடித்தது. கண்ணிகள் கிறீச்சிட, காற்று ஓயும்வரை விடவில்லை.

கடற்காகம் திரும்பி வந்தது. "என்ன, இங்கே ஒரே கூச்சல்?"

"அதை ஏன் கேட்கிறாய்?" என்றது வீடு. "பெருசு பயந்து நடுங்கிவிட்டது. பறந்து போய்விடாமல் நான்தான் அழுத்தி உட்கார்ந்திருந்தேன்."

சங்கிலி மறுபடி கொக்கியை லேசாகத் தளர்த்தியது.

"அண்ணே," என்றது வீடு அவசரமாக, "சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன் அண்ணே!"