ஒரு வைட் பந்து

ஃபைனலைப் பார்த்துவிட்டு அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் மாதங்கி சோபாவில் உட்கார்ந்தாள். கணவன் பரிதி எதையும் ஒரு வாக்கியத்துக்கு மேல் காது கொடுத்துக் கேட்பதில்லை என்பது அவள் கோபம். அவன்தான் என்ன செய்வான்? கிரிக்கெட்டே இப்போது ஒரு அணிக்கு ஒரே பந்து என்று ஆகிவிட்டது.

கோவை தன் பந்தில் சிக்ஸர் அடித்துவிட்டது. இவர்கள் அணியான சென்னையும் சிக்ஸர் அடித்தால் சமன் ஆகும். ஜெயிக்க வழியே இல்லை.

பந்து வந்தது. வைட்!

"ஐயோ, ஒரு ரன்! இன்னொரு பந்தும் உண்டு! ஜெயிக்கலாங்க!" என்று கத்திக்கொண்டே மாதங்கி அவன் கையைப் பிடித்துவிட்டாள். அடுத்த நொடியே கோபம் நினைவுக்கு வந்து, கையை விடப் பார்த்தாள்.

"விட்றாதே! அப்படியே உக்காரு. அசைஞ்சா அவுட்டுதான்!"

அது அவளுக்கும் தெரியும். அசையவில்லை.

வைட் இல்லை என்று கோவைக்காரர்கள் முறையிட்டார்கள். நடுவர்கள் கூடிப் பேசினார்கள். பேசிக்கொண்டே இருந்தார்கள்.

"சரி, நீயும்தான் பேசேன்," என்றான் பரிதி. "நான் எங்க ஓடப்போறேன்?"

போன வாரம் ஆபீஸில் எல்லோர் முன்னாலும் அழுதுவிட்டதை அவள் சொன்னாள். ஏன் அழுதாள் என்று சொல்ல வாயெடுத்தபோது, வைட்தான் என்று முடிவாகி பௌலர் ஓடிவரத் தொடங்கினான். அப்படியே நிறுத்திவிட்டாள்.

தெருவெங்கும் வெடிச்சத்தம். மாதங்கி துள்ளி எழுந்தாள்.

"சிக்ஸர்! ஸ்டேடியத்துக்கு வெளியவே போயிடுச்சு! பாத்தீங்களா?"

பரிதி டிவி பக்கம் திரும்பியிருக்கவே இல்லை.

"அதை விடு. ஏன் அழுதே? சொல்லு."