வெறும் எலும்பு

ஒடிந்த பின்னங்காலுக்கு ஆபரேஷன் முடிந்து, காட்டு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தது முயல். காலையில் இன்சூரன்ஸ் பார்க்கும் மரங்கொத்தி வந்தது.

"காய்ச்சல் இருக்கா?"

"இல்லீங்க."

"புண்ணில் சீழ்? மூச்சுத் திணறல்?"

"ஒண்ணுமே இல்லீங்க, நல்லா இருக்கேன்!" என்றது முயல் பெருமையாக.

மரங்கொத்தியின் முகம் தொங்கிப்போனது. "அப்ப நீங்க வெறும் எலும்பு வகை. அதுக்கு இன்சூரன்ஸ்ல தர்றது நாளையோட சரி. படுக்கையைக் காலி பண்ணிடுங்க. கூட வேற சிக்கல் இருந்தா, நடக்கப் பழகுறவரைக்கும் இருக்கலாம்."

முயலுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஓர் அடிகூட எடுத்துவைக்க முடியவில்லை. நரி திரியும் வழியில் வளைக்கு எப்படிப் போய்ச் சேர்வது?

பக்கத்துப் படுக்கை ஆமை லொக்கு லொக்கென்று இருமியது. மரங்கொத்தி ஓடிப்போய் அதன் தலையணையைச் சரிசெய்தது. "பலே! நீங்க எத்தனை நாள் வேணா இருங்க."

சாயங்காலம் முயலின் மனைவி வந்தது. வாசலிலேயே விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள் போலிருக்கிறது. புருஷனின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தது. கழுத்தைத் தொட்டது. மறுபடி நெற்றியைத் தொட்டது.

"ஐயோ," என்று விம்மியது, "கொஞ்சங்கூடச் சுடலையேங்க!"