நல்ல பக்கம்

காப்பீட்டு அலுவலக மேசைமேல் தையற்காரி வரைந்த விபத்துப் படம் கிடக்கிறது. ஒரு சாலை, நடுவில் கோடு, கோட்டுக்கு ஒரே பக்கத்தில் மூக்கோடு மூக்கு முட்டிய இரண்டு கார்கள். ஒன்றின்மேல் 'நான்', மற்றதன்மேல் 'அவர்'. துணியில் குறிப்பதுபோல் ஒரே மூச்சில் போட்டுக்கொண்டு வந்தது. அதிகாரி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொள்கிறார். "அவர் உங்க பக்கம் ஏறி வந்து இடிச்சதா எழுதியிருக்கீங்க. படத்துல நீங்கதானேம்மா அவர் பக்கம் நிக்கிறீங்க?" அடுத்த நாற்காலியில் இடித்தவரின் முகம் மலர்கிறது. பெயின்ட் கடைக்காரர், விரலிடுக்கில் இன்னும் நீலம். "இதைத்தான் சார் நான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன். இப்ப அவங்க கையே சொல்லிடுச்சு." துணியின் உட்புறத்தில் இடதை வலதாகக் குறித்தே இருபது வருடம் பழகிய கை. அது அவளுக்குச் சட்டென்று உறைக்கிறது. தாளை எடுத்து, பின்பக்கம் தெரிய ஜன்னல் வெளிச்சத்தில் பிடிக்கிறாள். "நாங்க உள்பக்கம்தான் சார் வரைவோம். இப்படிப் பாருங்க." கார்கள் இப்போது அவள் பக்கத்தில் நிற்கின்றன, 'நான்', 'அவர்' என்ற எழுத்துகள் மட்டும் திரும்பிக்கொண்டு தெரிகின்றன. "தாளைத் திருப்பிப் பார்த்தா எல்லாரும் நல்லவங்கதான்," என்கிறார் கடைக்காரர். அவள் திருப்புகிறாள், மறுபடியும் திருப்புகிறாள். இப்படியும் நடந்ததுபோல் இருக்கிறது, அப்படியும் நடந்ததுபோல் இருக்கிறது. அதிகாரி முத்திரையை மையில் ஒற்றிக் காத்திருக்கிறார். "சீக்கிரம் சொல்லுங்கம்மா, எந்தப் பக்கம் குத்தட்டும்?" எந்தத் துணியையும் தொட்ட மாத்திரத்தில் நல்ல பக்கம் சொல்லிவிடுகிற விரல்கள், அந்தத் தாளை முன்னும் பின்னும் தடவிக்கொண்டே இருக்கின்றன.