நாற்பத்தொன்றாவது கருவி

எங்கள் பாலிடெக்னிக் லேபில் நாற்பது கணினிகள், ஒரு தணிகாசலம். இந்த நாற்பத்தொன்றையும் கட்டி மேய்ப்பது சென்னையிலிருக்கும் தானியங்கிக் கட்டுப்பாட்டு மையம். மூன்று முறை கூப்பிட்டும் பதில் வராவிட்டால் அணைத்து, முப்பது வினாடி விட்டு, மறுபடி எழுப்பிவிடும். கணினியா ஆளா என்றெல்லாம் பார்க்காது.

அன்று இரண்டு மணிக்கு என் மாணவர்களுக்கு பிராக்டிகல் தேர்வு. பன்னிரண்டாம் கணினியை மையம் எத்தனை முறை எழுப்பியும் திரை உறைந்தே கிடந்தது. பிளக்கைப் பிடுங்கிச் செருகச் சொல்லி லேப் உதவியாளர் தணிகாசலத்தை ஸ்பீக்கரில் கூப்பிட்டது. அவர் வாய் நிறையப் புளிசாதம். விழுங்கி முடிப்பதற்குள் மூன்று முறையும் கூப்பிட்டாயிற்று. கழுத்தில் தொங்கிய அடையாள அட்டை அணைந்தது. முப்பது வினாடி கழித்துப் பச்சையாக எரிந்தது.

"வருக, தணிகாசலம். பணியில் சேர்ந்த நாள், இன்று" என்றது மையம்.

"இன்னைக்கா? அப்ப என் இருபத்திரண்டு வருஷ சர்வீஸ் என்னாச்சு?"

"சேமிக்கப்படவில்லை."

"பாத்தீங்களா மேடம் இந்த அநியாயத்த!"

"அத அப்புறம் பேசிக்கலாம். மொதல்ல அந்தப் பிளக்கப் புடுங்குங்க" என்றேன். மணி ஒன்று ஐம்பது.

அவர் கை வைத்ததும் மையம் தடுத்தது. "பன்னிரண்டாம் கணினி ஆறு ஆண்டுகளாகப் பணியில் உள்ளது. உங்களைவிட சீனியர். அணைக்க அதன் ஒப்புதல் தேவை."

தணிகாசலம் என்னைப் பார்த்தார். பிறகு முதல் நாள் வேலைக்கு வந்தவரைப் போலச் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு, உறைந்த திரையின் முன் கைகட்டி நின்றார்.

"சார்... புடுங்கட்டுங்களா?"